மஞ்சள் அடித்திருந்தால் வெட்டுவதா, வைப்பதா?

மலர்க்குழு அண்ணன்:
பழைய மாணவர் சந்திப்புக்கு மலர் போடுகிறோம். 64 பக்கம், கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பு, திருத்த நான்கு பேர். கணக்கு வாத்தியாரைப் பற்றிய பத்தி ஒன்று முழுக்க மஞ்சளாக இருந்தது. என் ஊர் வழக்கத்தில் மஞ்சள் என்றால் வேண்டாதது; வெட்டிவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கே போன். "அண்ணே, மலர்லயே உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான். பிடிச்சுப்போயித்தானே கலர் அடிச்சேன்!" பத்தி திரும்பக் கிடைக்குமா? பச்சை, ரோஸ், நீலம் வேறு உள்ளே கிடக்கிறது. யாருடையது எது என்றே புரியவில்லை.

மெய்ப்பு மேசை:
கிடைக்கும். ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி போய், வெட்டுவதற்கு முந்தைய பதிப்பிலிருந்து அந்தப் பத்தியை மட்டும் நகலெடுங்கள். ரீஸ்டோர் வேண்டாம், மற்ற மூவரும் பிறகு செய்த திருத்தமும் மறைந்துவிடும்.

கலருக்கு வாய் கிடையாது. கமென்ட்டில் பெயர், நேரம், காரணம் மூன்றும் இருக்கும். ஒற்றுப்பிழைக்குக் கமென்ட்டும் தேவையில்லை. 'கற்று கொடுத்தார்' என்று இருந்தால் சஜெஸ்டிங் முறையில் ஒரு 'க்' சேர்த்தால் போதும், நீங்கள் டிக் அடித்தால் ஏறிவிடும். கேட்டுத் தெரிய வேண்டியதற்கு மட்டும் கமென்ட்: "சார் ஓய்வு பெற்றது 1986ஆ, 87ஆ?" என்று எழுதி, @ போட்டு பதில் சொல்ல வேண்டியவருடைய மின்னஞ்சலைச் சேருங்கள், அவருக்கே போய்விடும். பதில் வந்ததும் ரிசால்வ் அடித்து கமென்ட்டை மூட வேண்டியது கேட்டவர். நான் வேலை பார்த்த இடத்தில் இதற்கே இரண்டு சண்டை.

டிடிபி அக்கா:
அச்சுக்குக் கொடுக்கும் முன் கலரை எடுத்துவிடுங்கள் தம்பி. அது எழுத்தோடு ஒட்டியது, பிடிஎஃப்பிலும் வரும். கருப்பு வெள்ளையில் சாம்பல் பட்டையாக விழும். கன்ட்ரோல் ஏ அழுத்தி, ஹைலைட்டில் 'நன்' கொடுங்கள். கிளியர் ஃபார்மேட்டிங் பக்கம் போகாதீர்கள், தலைப்புகளின் தடிமனும் போய்விடும்.

மலர்க்குழு அண்ணன்:
பத்தி கிடைத்தது, நன்றி. தலைவர் வாழ்த்துரைக்குப் பச்சை அடித்தது யார் என்று குழுவில் நேற்றிரவு காரசாரமாகக் கேட்டிருந்தேன். ஹிஸ்டரியில் பார்த்தால் என் பெயர் இருக்கிறது.