செஸ்னா 152: கார்ப் ஹீட் இழுத்தால் 30 ஆர்பிஎம்தான் இறங்குகிறது. இது சரியா?

உச்சிப்புளி ஸ்பேனர்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். பத்து நாள் லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன், கச்சான் காற்று திண்ணையெல்லாம் மணலை வாரிக் கொட்டுகிறது, ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் பக்கம் ஏதாவது எழும்பினால் தலை தானாக மேலே போகிறது, மனசு மட்டும் ஹேங்கரில் கிடக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வி.

நான் வேலை பார்ப்பது வேறு மாவட்டத்தில், ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில். பெயர் வேண்டாம். டெக்னீசியன்தான், ஏஎம்இ (விமானப் பராமரிப்பு எஞ்சினியர்) லைசென்ஸ் இல்லை, பி1.2 (பிஸ்டன் எஞ்சின் விமானப் பிரிவு) பேப்பர்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு செஸ்னா 152 இருக்கின்றன. அதில் ஒன்றில் ரன்-அப் (பறக்கும் முன் தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது) செய்யும்போது 1700 ஆர்பிஎம்மில் வைத்து கார்ப் ஹீட் (கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்காமல் சூடான காற்றை விடும் நாப்) இழுத்தால் 30 ஆர்பிஎம் இறங்குகிறது, சில நாள் அதுவும் இல்லை. நாலு மாதத்துக்கு முன்னால் இதே விமானத்துக்கு 90 என்று என் பாக்கெட் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் அடுத்த 152 இன்றைக்கும் 100 இறங்குகிறது.

போன வாரம் ஒரு மாணவர் டவுன்விண்ட் (இறங்கும் முன் ஓடுபாதைக்கு இணையாகப் பறப்பது) முடிந்து பவரைக் குறைத்து கார்ப் ஹீட் இழுத்திருக்கிறார். எஞ்சின் உதறியதாம், சரியாக ரொம்ப நேரம் எடுத்ததாம். நல்லபடியாக இறங்கிவிட்டார். நான் சீனியரிடம் போய்ச் சொன்னேன். "இறங்குதுல்ல? அப்புறம் என்ன? எவ்வளவு இறங்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கா?" என்று கேட்டார். உண்மையில் போடவில்லை. 152 கையேட்டில் ஆர்பிஎம் இறங்குகிறதா என்று பார் என்பதோடு சரி.

நான் பார்த்தது: கௌலிங்கை (எஞ்சின் மூடியை) கழற்றி, ஒருவரை உள்ளே உட்கார வைத்து நாபை இழுக்கச் சொன்னேன், குளிர்ந்த காற்றையும் சூடான காற்றையும் மாற்றிவிடும் ஏர்பாக்ஸ் வால்வு ஆடுகிறது. மஃப்ளரைச் சுற்றிச் சூடாகும் காற்றை ஏர்பாக்ஸுக்குக் கொண்டுவரும் ஹோஸில் கிழிசல் இல்லை, போன 100 மணி நேர இன்ஸ்பெக்‌ஷனில் மாற்றிய புது ஹோஸ். மஃப்ளர் மேல் இருக்கும் தகடு இறுக்கமாகத்தான் இருக்கிறது. எதை விட்டுவிட்டேன்?

ராமேஸ்வரம் டேக்-ஆஃப்

நான் இப்போதுதான் தனியாகப் பறக்க ஆரம்பித்திருக்கும் ஆள், மன்னிக்கவும், அடிப்படைச் சந்தேகம். நம் பக்கம் வெயில் 30 டிகிரிக்குக் குறையாது. இதில் கார்புரேட்டருக்குள் ஐஸா? வகுப்பில் சொன்னார்கள், தேர்வுக்கு எழுதினேன், ஆனால் மனசு நம்ப மாட்டேன் என்கிறது.

கீழக்கரை பழைய ஏஎம்இ

முதலில் ராமேஸ்வரம் தம்பிக்கு. கல்யாண வீட்டுச் சமையல்கட்டுக்குப் போயிருக்கிறீர்களா? பெரிய அடுப்பில் பிரியாணி தம் போடும்போது பக்கத்தில் இருக்கும் கேஸ் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். அத்தனை அனலிலும் கீழ்ப்பாதி வேர்த்து, சில நேரம் வெள்ளையாகப் பனி பிடித்திருக்கும். உள்ளே திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கார்புரேட்டரிலும் பெட்ரோல் ஆவியாகிறது, கூடவே குறுகிய தொண்டையில் காற்றழுத்தமும் குறைகிறது, இரண்டும் சேர்ந்து முப்பது டிகிரிக்கு மேல்கூடக் குளிர்வித்துவிடும். காற்றில் ஈரம் இருந்தால் அது திராட்டில் தகட்டில் ஐஸாக ஒட்டும். 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலே என்றால் வாய்ப்பு அதிகம். ஆனால் 38 டிகிரி வெயிலிலும், ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தாலும் வரலாம் என்று அமெரிக்க எஃப்ஏஏ கையேடே சொல்கிறது. நம் கடற்கரையில் விடிகாலைக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். பவரைக் குறைத்து இறங்கும்போது திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும், அந்தச் சின்ன இடுக்கில் கொஞ்சம் ஐஸ் போதும்.

இப்போது உச்சிப்புளி தம்பிக்கு. உங்கள் சீனியர் சொன்னது பாதி சரி. புத்தகத்தில் எண் இல்லை. ஆனால் உங்கள் நோட்டில் இருக்கிறதே. அதே விமானம் 90-லிருந்து 30-க்கு வந்திருக்கிறது என்றால் ஏதோ மாறியிருக்கிறது. கார்ப் ஹீட்டுக்குப் பொது எண் கிடையாது, ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் பழைய கணக்குதான் புத்தகம்.

ஆர்பிஎம் ஏன் இறங்குகிறது? சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதே பெட்ரோலுக்குக் காற்று குறைகிறது, கலவை கெட்டியாகிறது. ஆகவே கொஞ்சமாக இறங்கினால் இரண்டு நேரெதிர் காரணம் இருக்கலாம். ஒன்று, சூடான காற்று போதுமான அளவு வரவில்லை. இன்னொன்று, நாப் உள்ளே இருக்கும்போதே வால்வு சரியாக மூடாமல் எப்போதும் சூடான காற்று கசிகிறது, அதனால் இழுத்தாலும் புதிதாக இறங்க ஒன்றுமில்லை. இரண்டாவதில் டேக்-ஆஃபில் பவர் குறையும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? விமானம் நின்றபடியே முழு திராட்டில் வைத்து எவ்வளவு வருகிறது என்று, அதாவது ஸ்டாட்டிக் ஆர்பிஎம் பாருங்கள். 152-க்கு 2280-லிருந்து 2380 வரை. எவ்வளவு வந்தது என்று சொல்லுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.

தங்கச்சிமடம் அவுட்போர்டு

விமானம் நமக்குத் தெரியாது தம்பி, நான் ஃபைபர் படகுக்கு அவுட்போர்டு எஞ்சின் பார்க்கிற ஆள். ஆனால் உப்புக்காற்று வெட்டும் கேபிளை நூறு பார்த்திருக்கிறேன். கேபிள் என்றால் இரண்டு சாமான், உள்ளே கம்பி, வெளியே உறை. உறையைப் பிடிக்கிற கிளாம்ப் கொஞ்சம் லூஸ் ஆனால் என்ன நடக்கும் தெரியுமா? நீங்கள் இந்தப் பக்கம் இழுக்க, கம்பி நகர்வதற்குப் பதில் உறை ஊரும். அந்தப் பக்கம் பாதிதான் போகும். பார்க்கிறவனுக்கு "ஆடுது" என்றுதான் தெரியும். எங்கள் ஆட்கள் இதைப் பார்க்காமல் கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவுவார்கள், நானும் சின்ன வயதில் செய்திருக்கிறேன். உறையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மற்றவரை இழுக்கச் சொல்லுங்கள். விரலுக்குள் ஊர்ந்தால் அதுதான்.

கீழக்கரை பழைய ஏஎம்இ

தங்கச்சிமடத்துக்காரர் சொன்னதை அப்படியே செய்யுங்கள். நான் சேர்ப்பது இரண்டுதான். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட பிறகே கையை உள்ளே விட வேண்டும், புரொப்பல்லர் பக்கம் யாரும் நிற்கக்கூடாது. அப்புறம், வால்வு ஆடுகிறதா என்று பார்க்காதீர்கள், இரண்டு பக்கமும் ஸ்டாப்பில் போய் முட்டுகிறதா என்று பாருங்கள். நாபை முழுதாக உள்ளே தள்ளினால், நாப் பேனலில் போய் இடிக்கக் கூடாது. ஒரு 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நின்று, விரலை எடுத்தால் லேசாகத் திரும்பி வர வேண்டும். அந்தத் துள்ளல் இருந்தால்தான் அந்தப் பக்கம் வால்வு முழுதாக மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

உச்சிப்புளி ஸ்பேனர்

பாய், ஹேங்கரில் இருக்கும் கூட்டாளிக்கு வீடியோ கால் போட்டேன். ஸ்டாட்டிக் 2310, எனவே எப்போதும் கசிகிற கதை இல்லை. தங்கச்சிமடம் அண்ணே, உங்கள் கை கொடுங்கள். உறை ஊர்கிறது! ஏர்பாக்ஸ் பக்கத்துக் கிளாம்ப், மேலே பார்த்தால் இறுக்கமாக இருக்கிறது, உள்ளே ரப்பர் தேய்ந்துபோயிருக்கிறது. வால்வு கடைசி மூன்றில் ஒரு பங்கு தூரம் போகவே இல்லை. அதாவது நாபை இழுத்தாலும் பில்டர் வழியாகக் குளிர்ந்த காற்றும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் லீவு முடிந்து போய் மாற்றிவிட்டுச் சொல்கிறேன். அதுவரை ஸ்னாக் (கோளாறுக் குறிப்பு) எழுதி விமானத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன், சீனியர் முகம் சுளித்தாராம்.

கீழக்கரை பழைய ஏஎம்இ

சுளிக்கட்டும். எழுத்தில் இருப்பதை யாரும் சுளித்து அழிக்க முடியாது.

எப்படியும் திறக்கப் போகிறீர்கள், மஃப்ளர் மேல் தகட்டையும் கழற்றிவிடுங்கள். வெளியிலிருந்து தட்டிப் பார்த்து "இறுக்கமா இருக்கு" என்று எழுதுவது இன்ஸ்பெக்‌ஷன் இல்லை. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து வெல்டிங் ஓரங்களைப் பாருங்கள், வெளிறிய சாம்பல் நிறத்தில் கோடு ஓடினால் அங்கே புகை கசிகிறது. அந்தப் புகை கார்புரேட்டருக்குப் போனால் எஞ்சின் திணறும், கேபின் ஹீட்டருக்குப் போனால் விமானி மயங்குவார், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஏர்பாக்ஸில் வால்வு தண்டின் புஷ்ஷைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் நெருடுங்கள். அலுமினியத்தில் வெள்ளை மாவு பூத்திருந்தால் உப்பு வேலை செய்கிறது. ஒரு ரிவெட் கழன்றால் நேராக மேலே கார்புரேட்டருக்குத்தான் போகும், வேறு போக்கிடம் இல்லை.

உச்சிப்புளி ஸ்பேனர் (ஆறு நாள் கழித்து)

ஒன்றைச் சரி செய்தேன், இன்னொன்று முளைத்துவிட்டது. கிளாம்ப் புதுசு, கேபிளைச் சரியாகக் கட்டினோம், நாபில் பாய் சொன்ன துள்ளல் இருக்கிறது, வால்வு இரண்டு பக்கமும் ஸ்டாப்பில் டக்கென்று முட்டுகிறது. மஃப்ளரில் விரிசல் இல்லை. ரன்-அப் போட்டோம். கார்ப் ஹீட் இழுத்தால் இப்போது 220 இறங்குகிறது! கரகரவென்று ஓடுகிறது, பத்து பதினைந்து விநாடி வைத்திருந்தும் ஏறவில்லை. சீனியர், "நல்லா இறங்கலைன்னு அழுத, இப்ப இறங்குது, சந்தோஷமா?" என்கிறார்.

ராமேஸ்வரம் டேக்-ஆஃப்

ஐஸ் இருந்தால்தானே முதலில் இறங்கி, கரகரத்து, அப்புறம் ஏறும்? ஏறவே இல்லை என்றால் ஐஸ் இல்லைதானே?

கீழக்கரை பழைய ஏஎம்இ

சரியாகச் சொன்னீர்கள் தம்பி, தேறிவிட்டீர்கள். அது ஐஸ் இல்லை, மூச்சு முட்டுகிறது. முன்னால் வால்வு பாதி திறந்திருந்ததால் எஞ்சின் குளிர்ந்த பக்கத்திலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது அந்த வழி முழுதாக அடைபட்டு, சூடான பக்கத்தை மட்டும் நம்பியிருக்கிறது. அங்கே வழி இல்லை. ஒரு கோளாறு இன்னொன்றை இத்தனை நாள் மூடி வைத்திருந்திருக்கிறது.

அந்தப் புது ஹோஸ் மேல்தான் எனக்குச் சந்தேகம். என்ன வகை மாட்டினார்கள்? ஸ்காட் என்றால் ஒரே அடுக்கு. ஸ்கீட் என்றால் இரண்டு அடுக்கு, உள்ளே வழவழவென்று இன்னொரு துணி இருக்கும். வெளியே இரண்டும் ஒரே செங்காவி நிறம், சட்டென்று வித்தியாசம் தெரியாது. ஊதுகிற இடத்தில் இரண்டடுக்கு சுகமாக ஓடும். எஞ்சின் உறிஞ்சுகிற இடத்தில் உள்துணி பிரிந்து தொங்க ஆரம்பித்தால், எஞ்சின் நிற்கும்போது ஒட்டிக்கொண்டு சாதுவாக இருக்கும், ஓடும்போது வழியை அடைத்துவிடும். வெளியிலிருந்து ஆயுசுக்கும் தெரியாது. கழற்றி, ஒரு முனையில் டார்ச் அடித்து மறு முனையில் பாருங்கள், விரலை விட்டு உள்சுவரைத் தள்ளிப் பாருங்கள். பார்ட்ஸ் கேட்டலாக்கில் இருக்கும் எண்ணோடும் ஒப்பிடுங்கள்.

தங்கச்சிமடம் அவுட்போர்டு

எங்கள் பெட்ரோல் டியூபிலும் இதே கூத்து உண்டு பாய். வெளியே புதுசு மாதிரி இருக்கும், உள்தோல் உரிந்து உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். நடுக்கடலில்தான் காட்டிக்கொடுக்கும்.

உச்சிப்புளி ஸ்பேனர் (மறுநாள்)

விரலை விட்டதும் தெரிந்துவிட்டது. வளைவு இருக்கும் இடத்தில் உள்துணி ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து, ஈரப் பப்படம் மாதிரி விரலோடு வருகிறது. கேட்டலாக்கில் இருந்த எண் வேறு, மாட்டியிருந்தது வேறு. ஸ்டோரில் அந்த அளவில் இதுதான் இருந்ததாம், "ஒண்ணுக்கு ரெண்டு அடுக்கு நல்லதுதானே" என்று மாட்டியிருக்கிறார்கள். அந்த இன்ஸ்பெக்‌ஷனில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரியான ஒற்றை அடுக்கு ஹோஸ் வரவழைத்து மாட்டி, லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்துப் போட்ட பிறகு ரன்-அப். 1700-ல் 95 இறங்கியது, சீராக ஓடியது, உள்ளே தள்ளியதும் 1700-க்கே திரும்பியது. அடுத்த 152-ன் ஹோஸையும் கழற்றிப் பார்த்தோம், அது பழைய ஒற்றை அடுக்கு, நன்றாக இருக்கிறது.

ராமேஸ்வரம் டேக்-ஆஃப்

கடைசியாக ஒன்று. டாக்ஸி போகும்போதே கார்ப் ஹீட்டை இழுத்து வைத்துக்கொண்டால் ஐஸ் பயம் இருக்காதே? எங்கள் செட்டில் ஒருவன் அப்படித்தான் செய்கிறான்.

உச்சிப்புளி ஸ்பேனர்

வேண்டாம் தம்பி! அந்தக் காற்று பில்டர் வழியாக வராது. இந்தக் கச்சானில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் மணலைப் பார்த்தால் உங்களுக்கே புரியும், அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். ரன்-அப்பில் இழுத்துப் பாருங்கள், டேக்-ஆஃபுக்கு முன்னால் உள்ளே தள்ளிவிடுங்கள். இழுத்தபடியே டேக்-ஆஃப் போனால் பவரும் குறையும். எத்தனை இறங்கியது என்று தேதி போட்டு எழுதியும் வையுங்கள்.

பாய், அந்தப் பழைய ஹோஸை இரண்டு துண்டாக வெட்டி, யாரும் திரும்ப மாட்ட முடியாதபடி செய்து, ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த லீவில் கீழக்கரைக்குக் கொண்டு வரவா?

கீழக்கரை பழைய ஏஎம்இ

கொண்டு வாருங்கள். மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில். தங்கச்சிமடத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் டியூபையும் பார்க்க வேண்டும்.