சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் பயண ஷேவர் வாங்கும் முன்

செம்பனை ஆலை வேலைக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்து சேர்ந்த தம்பி ஒருவர் நேற்றுக் கேட்டார்: "அண்ணே, கோலாலம்பூருக்கும் ஊருக்கும் போகும்போது பையில் போட்டுக்கொள்ள ஒரு சின்ன ஷேவர் வேண்டும், எதை வாங்கலாம்?" நான் இங்கே வந்து ஏழு வருடம் ஆகிறது. அவருக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பிளேடு எத்தனை, தலை எத்தனை என்பதையெல்லாம் அப்புறம் பாருங்கள். எப்படிச் சார்ஜ் ஏறுகிறது என்பதுதான் முதல் கேள்வி. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த ஷேவர் அருமையாக மழித்தது. ஆனால் அதற்கென்றே தனி முனை வைத்த வயர். ஒருநாள் ஈப்போ போகும் பேருந்தில் அந்த வயர் தொலைந்துபோனது. கடை கடையாக ஏறி இறங்கியும் அந்த முனைக்குப் பொருந்துவது கிடைக்கவில்லை. நல்ல ஷேவர், ஒரு வயருக்காக வீணாகப் போனது. அதனால் டைப்-சி உள்ளதாகவே வாங்குங்கள், கைப்பேசி வயரே போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: விலை மலிவான சில ஷேவர்களில், இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள வயரைச் சொருகினால் சார்ஜ் ஏறாது. ஷேவர் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பியாக உள்ள வயரைப் போட்டுப் பாருங்கள், ஏறும்.

இங்கே மின்சாரம் நம் ஊர் மாதிரிதான், 230 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் வேறு. இங்கே தட்டையான மூன்று முள். தொழிலாளர் குவார்ட்டர்ஸில் பார்த்திருப்பீர்கள், மேல் துளையில் பேனா மூடியைக் குத்திக்கொண்டு, ஊர் சார்ஜரின் உருண்டை முள் இரண்டையும் கீழே தள்ளுவார்கள். அந்த மேல் துளை எர்த். அதில் முள் நுழைந்தால்தான் கீழே மின்சாரம் வரும் துளைகளின் மூடி திறக்கும். அந்தப் பாதுகாப்பைத்தான் பேனா மூடியால் ஏமாற்றுகிறோம். முள் சரியாக உட்காராமல் சூடேறிக் கருகும். இங்குள்ள பிளக்கில் இருக்கும் ஃபியூஸும் அப்போது கிடையாது. தயவுசெய்து செய்யாதீர்கள். சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள சார்ஜர் ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது தலைக்கு வருவோம். இரண்டு வகை உண்டு. சல்லடை போன்ற மெல்லிய தகட்டுக்கு அடியில் பிளேடு ஆடுவது ஃபாயில். வட்டமாகச் சுழல்வது ரோட்டரி, பிலிப்ஸ் நிறுவனம் 1939இல் கொண்டுவந்த முறை. தினமும் மழிப்பவருக்கு ஃபாயில்தான் என் சிபாரிசு. இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு மழிப்பவருக்கு ரோட்டரி நன்றாகப் பிடிக்கும். எதுவானாலும் சின்ன ஷேவரில் மோட்டாரும் சின்னதுதான். தைப்பூச விரதத்துக்கு 48 நாள் வளர்த்த தாடியில் நேராக வைத்தால் முடியைப் பிடித்து இழுக்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்படியான நாளில் முதலில் டிரிம்மரால் ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் முடிவெட்டும் கடைக்கே போய்விடுங்கள்.

இந்த ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையோடு மழித்தால் தகடு தோலில் ஒட்டிக்கொண்டு நகராது. குளிப்பதற்கு முன்பு, ஃபேனுக்குக் கீழே நின்று, முகத்தைத் துடைத்துவிட்டுத் துளி டால்கம் பவுடர் தடவிக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். நம்மில் பலருக்கு அங்கே முடி சுழி போலப் பல பக்கம் சாய்ந்திருக்கும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடிக்கு எதிர்த்திசையில் மெதுவாக நகர்த்துங்கள். அழுத்தவே அழுத்தாதீர்கள், அழுத்தினால் சிவந்து கொப்பளிக்கும். சுருள் முடிக்காரர்களுக்கு ரொம்ப ஒட்ட மழித்தால் முடி தோலுக்குள்ளேயே வளைந்து கட்டியாகும். ரேசரிலிருந்து மாறுபவருக்குத் தோல் பழகச் சுமார் மூன்று வாரம் பிடிக்கும். முதல் வாரத்திலேயே வெறுத்துத் தூக்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வருத்தமாக இருக்கும், இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருந்தால் சரியாகியிருக்கும்.

மழித்து முடித்ததும் தலையைக் கழற்றித் தாளில் தட்டுங்கள், கறுப்புப் பொடி போலக் கொட்டும். தகட்டின் மேல் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், நசுங்கினால் முகத்தைக் கீறும். ஐபிஎக்ஸ்7 (தண்ணீர் உள்ளே போகாது என்பதற்கான குறி) என்று போட்டிருந்தால் முழுதாகக் கழுவலாம். அது இல்லாவிட்டால் கழுவும் முன் பெட்டியில் உள்ள குறிப்பைப் படியுங்கள். கழுவியபின் திறந்தே காய வையுங்கள், இந்த ஈரக் காற்றில் மூடி வைத்தால் நாறும்.

விமானத்தில் ஷேவரைக் கைப்பையில் வைப்பதே நல்லது. பொத்தான் தானாக அழுந்தாமல் இருக்கப் பயணப் பூட்டு உள்ளதாக வாங்குங்கள். பவர் பேங்க் இருந்தால் அது கைப்பையில் மட்டும்தான், பெட்டியில் போடக்கூடாது. ரேசருக்கான உதிரி பிளேடுகளோ, கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள்.

கடைசியாக, பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் மாற்றுத் தகடு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் அதை மாற்ற வேண்டிவரும். கிடைக்காது என்றால் ஷேவர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அந்தத் தம்பி இன்று சாயங்காலம் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டு, இதைக் கேட்டாராம். கடைக்காரர் கிடைக்காது என்று தலையை ஆட்டினாராம், அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார். வேறொன்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு நானும் அவரோடு போகிறேன்.