சுருதி மாற்ற, வேகம் குறைக்க இலவச மென்பொருள் உண்டா?

பாட்டு டீச்சர்:
5½ கட்டை சுருதியில் நான் பாடிப் பதிந்த வர்ணங்களை மாணவர்களுக்கு அனுப்புகிறேன். ஒரு பெண்ணுக்கு 4½ கட்டை. மகரக்கட்டு வந்து குரல் இறங்கிய பையனுக்கு 2. வேகத்தைக் குறைத்தால் சுருதியும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. விண்டோஸ் லேப்டாப்பில் காசில்லாமல் என்ன வழி?

சுருதிப்பெட்டி:
ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும் மேடம். நீங்கள் தொட்டது ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’. அது இரண்டையும்தான் இறக்கும். எஃபெக்ட் மெனுவில் ‘பிட்ச் அண்ட் டெம்போ’வுக்குள் ‘சேஞ்ச் டெம்போ’வை எடுத்து -20 அல்லது -25 கொடுங்கள். ‘ஹை குவாலிட்டி ஸ்ட்ரெச்சிங்’கை டிக் செய்யவும். இன்னும் குறைத்தால் சாகித்யத்தில் (பாடல் வரிகளில்) வல்லினமெல்லாம் குழைந்துவிடும்.

சுருதிக்கு ‘சேஞ்ச் பிட்ச்’. செமிடோன் (அரைச்சுரம்; அரைக்கட்டைக்கு ஒன்று) பெட்டியில் பெண்ணுக்கு -2, பையனுக்கு -6. இந்த இடத்தில்தான் பலருக்குக் கணக்கு தவறும். 5½-லிருந்து 2-க்கு மூன்றரைக் கட்டை, ஆகவே ஏழு என்று போட்டால் 1½-இல் போய் நிற்கும். 3-க்கும் 4-க்கும் நடுவே அரைக்கட்டை கிடையாதே.

பாட்டில் ஒரு சங்கதியைத் திரும்பத் திரும்பக் கேட்க, மேலே டைம்லைனில் அந்த இடத்தை இழுத்துத் தேர்ந்து, லூப் இயக்கத்தில் இருக்க ஓடவிட்டால் போதும். ‘எல்’ விசை லூப்பை இயக்கும், நிறுத்தும்.

மந்தர பஞ்சமம்:
-2 சரி. -6 போட்டால் உங்கள் குரல் பூதக்குரலாகத்தான் வரும். பாடம் புரியும், ஆனால் அந்தக் குரலைப் பார்த்து அவன் பாடக் கூடாது. அவனுக்குத் தனியாக ஒரு சுருதி ஃபைல் கொடுங்கள். ஆடாசிட்டியிலேயே ஜெனரேட், டோன் என்று போய் ‘சாடூத்’ அலையில் மூன்று டிராக்: 2 கட்டையின் ஸ (ஸட்ஜமம்) 146.83, மேல் ஸ 293.66, மந்தர ப (கீழ்ப் பஞ்சமம்) 110.12 ஹெர்ட்ஸ். பஞ்சமத்துக்கு கீபோர்டின் 110.00 எண்ணைப் போடாதீர்கள். ஸட்ஜமத்தோடு சேர்ந்து மெல்ல அலையும். ஆம்பிளிடியூட் 0.2 போதும், மூன்றுக்கும் 0.8 வைத்தால் கூட்டுத்தொகை எல்லை தாண்டிக் கரகரக்கும். ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி போன்ற பஞ்சமம் இல்லாத ராகங்களுக்கு ப-வை நீக்கிவிட்டு ம (மத்யமம்) 195.77.

பாட்டு டீச்சர்:
செய்து பார்க்கிறேன். ஃபோனில் பதிந்த எம்4ஏ ஃபைல்களை ஆடாசிட்டி திறக்க மறுக்கிறதே? இன்னொன்று, கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) தட்டையாக வருவதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட முடியுமா?

சுருதிப்பெட்டி:
எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவசத் துணை மென்பொருளை நிறுவிவிட்டு ஆடாசிட்டியை மூடித் திறங்கள், எம்4ஏ வரும்.

கமகத்துக்கு சோனிக் விஷுவலைசர் என்ற மென்பொருள், லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் செய்தது. லேயர் மெனுவில் ‘மெலோடிக் ரேஞ்ச் ஸ்பெக்ட்ரோகிராம்’ சேர்த்தால் தோடி காந்தாரம் அசைவது அலையாகவே தெரியும். கோடாக வேண்டுமானால் பியின் (pYIN) என்ற பிளக்இன்னைத் தனியே இறக்க வேண்டும். தம்புராவும் மிருதங்கமும் சேர்ந்த பதிவைக் கொடுத்தால் அது குழம்பிக் கோட்டைத் தாவவிடும். பிள்ளை இயர்ஃபோனில் சுருதி கேட்டுக்கொண்டு பாட, குரலை மட்டும் பதியுங்கள்.