ட்ரோன் வாங்க மூன்று லட்சம் வேண்டுமாம்!

வெள்ளவத்தைக்காரன்:
நம் கமராக்காரர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பெரிய ஞானி மாதிரி எழுதியிருக்கிறார்: "மூன்று லட்சத்துக்குக் குறைவாக ட்ரோன் வாங்குகிறவன் காசைக் கடலில் போடுகிறான்." பெயர் சொல்ல மாட்டேன், அவரும் இங்கேதான் உலாவுகிறார். வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. டிஜேஐ கம்பனியின் மினி 4கே ட்ரோன் 2024இல் வந்தபோது அமெரிக்காவில் 299 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 90 ஆயிரத்துக்குள். வரியும் கடைக்காரரின் இலாபமும் எவ்வளவு ஏறினாலும் மூன்று லட்சத்துக்குப் பக்கத்திலும் போகாது. கமராவை ஆடாமல் பிடிக்கிற மூன்று அச்சு கிம்பல், 4கே வீடியோ, ஜிபிஎஸ் எல்லாம் இருக்கிறது. ஒரு பற்றரியில் 31 நிமிடம் பறக்கும். வீட்டு விசேஷமும் கோயில் தேரும் எடுக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? புதிதாக வாங்க நினைக்கிற பிள்ளைகளை ஏன் ஐயா பயமுறுத்துகிறீர்கள்?

கலியாணக் கமரா:
அந்த ஞானி நான்தான், ஒளித்துப் பேசத் தேவையில்லை. நான் எழுதிய அடுத்த வரியை ஏன் விட்டீர்கள்? "தொழிலுக்கென்றால்" என்று இருந்தது. சரி, போகட்டும். 31 நிமிடம் என்றீர்களே, யார் பறக்கவிட்டுப் பார்த்தது?

வெள்ளவத்தைக்காரன்:
பெட்டியில் போட்டிருக்கிறது, 31 என்று. செய்த கம்பனியை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

கலியாணக் கமரா:
பிஸ்கட் பைக்கட்டில் போட்டிருக்கும் படத்தில் பிஸ்கட் எவ்வளவு பெரிதாக இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான். நடைமுறையில் 20, 22 நிமிடம் கிடைத்தால் புண்ணியம். அதனால்தான் குறைந்தது மூன்று பற்றரி என்கிறேன். மூன்று பற்றரியும் அவற்றைப் போட்டுச் சார்ஜ் செய்கிற கூடும் வாங்கினால் உங்கள் 299 டொலர் எங்கே போய் நிற்கும், அதையும் கணக்குப் போடுங்கள்.

பூனைக்குட்டி:
அண்ணாமார், நான் புதிது. கம்பஸில் படிக்கிறேன், கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. பயண வீடியோ எடுக்கத்தான். எதை வாங்கலாம்?

வெள்ளவத்தைக்காரன்:
தங்கச்சி, மினி 4கேயை வாங்குங்கள். ஒரு பற்றரி போதும், 31 நிமிடம். இவர்கள் பேச்சைக் கேட்டால் ஒன்றரை லட்சமும் பற்றரிக்கே போய்விடும்.

சோளகம்:
31 பொய்யில்லை. காற்றே இல்லாத இடத்தில், ஒரே சீரான குறைந்த வேகத்தில், பற்றரி முழுதாகத் தீரும்வரை பறந்தால் வருகிற கணக்கு அது. கொழும்பில் காற்றில்லாத கடற்கரை எங்கே இருக்கிறது? மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகம், அதாவது தென்மேல் பருவக்காற்று, அடிக்கும். காலிமுகத்திடலில் காற்று செக்கனுக்கு 8 மீற்றர் என்று வையுங்கள். ட்ரோன் சாதாரண முறையில் செக்கனுக்கு 10 மீற்றர் போகும். காற்று முதுகில் தள்ள ஒரு கிலோமீற்றர் போய்விட்டீர்கள், சந்தோஷம். திரும்பும்போது எதிர்க்காற்று, பத்தில் எட்டுப் போக மிச்சம் 2 மீற்றர். அந்த ஒரு கிலோமீற்றரைத் திரும்பக் கடக்க எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டும். காற்றில்லாவிட்டால் 100 செக்கனில் வந்திருக்கும். ஸ்போர்ட் முறையில் 16 மீற்றர் வேகம் கிடைக்கும்தான், ஆனால் பற்றரி தண்ணீராய் வடியும். கடைசியில் பற்றரி குறைந்துவிட்டது, வீட்டுக்குத் திரும்புகிறேன் என்று அதுவே முடிவெடுக்கும்போது கீழே இருப்பது கடல்.

வெள்ளவத்தைக்காரன்:
பாடசாலையில் பௌதிகவியல் படித்ததை எல்லாம் இங்கே கொட்ட வேண்டாம். காற்றில் பறக்கவிடச் சொன்னது யார்? காலையில் ஆறு மணிக்கு எழும்பிப் போங்கள், காற்று இருக்காது. எழும்ப முடியாதவர்களின் சோம்பலுக்கு ட்ரோன் என்ன செய்யும்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "31 பொய்யில்லை" என்று. நன்றி.

சோளகம்:
பாதியை மட்டும் வெட்டி எடுப்பது உங்கள் பழக்கம். வாட்ஸ்அப் வரியையும் அப்படித்தானே வெட்டினீர்கள்.

புறக்கோட்டை நானா:
எல்லாரும் டிஜேஐ டிஜேஐ என்கிறீர்கள். பிரதான வீதியில் பத்தாயிரம் சொச்சத்துக்கு ட்ரோன் இருக்கிறது, அதுவும் மடிக்கிற வகை. மகனுக்கு எடுத்துக் கொடுத்தேன். பெட்டியில் 4கே, இரண்டு கமரா என்று போட்டிருக்கிறது. அதுவும் ட்ரோன்தானே? அதற்கு மட்டும் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை?

கலியாணக் கமரா:
நானா, அது விளையாட்டுச் சாமான். ஜிபிஎஸ் இல்லை, காற்று அடித்த பக்கம் போகும். 4கே என்று பெட்டியில்தான் இருக்கும், படத்தில் இருக்காது. றிமோட்டின் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால் நின்ற இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

புறக்கோட்டை நானா:
வீட்டுக்குள் நிற்கிறது. வெளியே விட்டதும் தென்னை மரத்துக்கு மேலால் போய் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அது மகனின் பிழை.

வெள்ளவத்தைக்காரன்:
பாருங்கள், பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதே என்று நானாவுக்குச் சொல்கிறார், அவர் மட்டும் "மூன்று லட்சம்" என்று எழுதினால் நாங்கள் நம்ப வேண்டும். பத்தாயிரம் ரூபா பெட்டியும் 299 டொலர் பெட்டியும் ஒன்றா? 31 என்றால் 31.

கொட்டாஞ்சேனை மாமா:
தம்பிமார், பற்றரியை விடுங்கள். அந்த ட்ரோனின் நிறை என்ன? கிட்டத்தட்ட 249 கிராம். இதைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை?

வெள்ளவத்தைக்காரன்:
அதுதான் அங்கிள் அதன் அழகே. 250க்குக் கீழே, பதிவே தேவையில்லை. அந்தச் செலவும் மிச்சம்.

கொட்டாஞ்சேனை மாமா:
அது அமெரிக்காவில், அதுவும் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர்களுக்கு. இங்கே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் எல்லை 200 கிராம். 249 என்பது 200ஐ விடக் கூட. யூடியூப்பில் வெள்ளைக்காரன் சொன்னதை வைத்துக் காலிமுகத்திடலில் கிளப்பினால், பக்கத்தில் ஜனாதிபதி செயலகம் இருக்கிறது, தெரியும்தானே? வெள்ளவத்தையில் என்றால் இரத்மலானை விமான நிலையம் கூப்பிடு தூரம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு ட்ரோன் பறப்பையே மொத்தமாக நிறுத்தி வைத்தார்கள். அந்த நாளில் கமராவும் கையுமாக நின்றவனிடம் கேட்டுப்பாருங்கள்.

வெள்ளவத்தைக்காரன்:
அங்கிள், தலைப்பு விலை. சட்டம் பேச வேண்டுமென்றால் தனியாக ஒரு இழை தொடங்குங்கள்.

கொட்டாஞ்சேனை மாமா:
பதிவு தேவையில்லை என்று தொடங்கினது நீர்தான். செலவு மிச்சம் என்றதும் நீர்தான்.

பூனைக்குட்டி:
அப்படியென்றால் 200க்குக் கீழே ஏதாவது இருக்கிறதா?

சோளகம்:
டிஜேஐ நியோ இருக்கிறது, 135 கிராம். 2024 செப்டெம்பரில் 199 டொலருக்கு வந்தது. உள்ளங்கையிலிருந்தே கிளம்பும், உங்களைத் தொடர்ந்து வரும். விசிறிகளைச் சுற்றிக் கூடு இருப்பதால் விரலும் தப்பும். ஆனால் கைப்பேசியால் மட்டும் ஓட்டினால் 50 மீற்றர்தான், அதற்கு மேல் என்றால் றிமோட் தனியாக வாங்க வேண்டும். மினியை விடக் காற்றுக்கும் கொஞ்சம் பயப்படும். சிகிரியாவை வானத்திலிருந்து எடுக்க நினைத்தால் இது சரிவராது. நடந்து போகிற வீடியோவுக்குச் சரி. எதை வாங்கினாலும் எங்கே விடலாம், எங்கே கூடாது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தைக்காரன்:
நியோ எத்தனை நிமிடம்? அதையும் சொல்லுங்களேன், ஏன் மறைக்கிறீர்கள்?

சோளகம்:
18.

வெள்ளவத்தைக்காரன்:
பதினெட்டு! மினி 31. தங்கச்சி, இனி நீங்களே முடிவு செய்யுங்கள்.

கலியாணக் கமரா:
திரும்பவும் 31. ஐயா, நான் மண்டப வாசலில் நிற்கிறேன். மாப்பிள்ளை கார் வரும் என்று ட்ரோனை ஏற்றி வைத்திருக்கிறேன். கார் பம்பலப்பிட்டிச் சந்தியில் நெரிசலில் நிற்கிறது. வரும் வரும் என்று பற்றரி முடிகிறது. கீழே இறக்கி அடுத்ததைப் போடுகிறேன், அப்போதுதான் கார் வளைவால் திரும்புகிறது. இன்னொரு பற்றரி இல்லாவிட்டால் பெண்ணின் தகப்பனுக்கு உங்கள் பெட்டியையா காட்டுவது? மண்டபத்தைச் சுற்றி மரமும் மின்கம்பியும். மினி 4கேக்கு முன்னால் இருப்பதை உணரக் கண் கிடையாது, கீழே மட்டும்தான் பார்க்கும். மினி 4 புரோவுக்கு எல்லாப் பக்கமும் உண்டு. மாலை வெளிச்சத்திலும் படம் உடையாது, அதன் கமராச் சென்சர் பெரிது. அது 759 டொலருக்கு வந்தது. மூன்று பற்றரிப் பொதியோடு இங்கே வந்து சேர எவ்வளவு ஆகும்? மூன்று லட்சம் என்று நான் கனவு கண்டு எழுதவில்லை.

வெள்ளவத்தைக்காரன்:
ஆக மாப்பிள்ளை கார் பிந்தியதற்காக ஊரில் உள்ள எல்லாரும் மூன்று லட்சம் கொடுக்க வேண்டும்! உங்கள் தொழில் உங்களுக்கு. தங்கச்சி கலியாண வீடியோ எடுக்கப் போகவில்லை. அப்புறம், மூன்று பற்றரி வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். முழுச் சார்ஜில் அலுமாரிக்குள் மாதக்கணக்கில் போட்டு வைத்து, வயிறு ஊதி, கூட்டுக்குள் இறங்காமல் நிற்கும். ஒன்றை வைத்து ஒழுங்காகப் பாவிக்கத் தெரியாதவனுக்கு மூன்று எதற்கு?

கலியாணக் கமரா:
யாரைச் சொல்கிறீர்கள்?

வெள்ளவத்தைக்காரன்:
பொதுவாகச் சொன்னேன். தொப்பி அளவாக இருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

கலியாணக் கமரா:
அளவு பேசுகிறீர்களா? எனக்கு ஒரு 50 எம்எம் லென்ஸ் விற்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பங்கஸ். "புதுசு மாதிரி" என்று எழுதி விற்றது யார்? அந்த மனிதர் இப்போது மலிவாக வாங்குவது எப்படி என்று பாடம் எடுக்கிறார்.

புறக்கோட்டை நானா:
இது எப்போது நடந்தது? நானும் இவரிடம் ஒரு ட்ரைபொட் எடுத்தேனே.

வெள்ளவத்தைக்காரன்:
நானா, ட்ரைபொட்டில் பங்கஸ் வராது. கலியாணக்காரரே, அந்த லென்ஸை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தானே எடுத்தீர்கள்? கொழும்பு ஈரத்தில் தோல் பைக்குள் பூட்டி வைத்தால் எந்த லென்ஸும் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் போடச் சொன்னேன்.

கலியாணக் கமரா:
சொல்லவில்லை.

வெள்ளவத்தைக்காரன்:
சொன்னேன். பைக்குள் இரண்டு பைக்கட் போட்டும் தந்தேன்.

கொட்டாஞ்சேனை மாமா:
200 கிராம், தம்பி. பதில் வரவில்லை.

வெள்ளவத்தைக்காரன்:
அங்கிள், லென்ஸ் விஷயம் முடியட்டும். அந்த நாளின் வாட்ஸ்அப் செய்திகள் என்னிடம் அப்படியே இருக்கின்றன, இரவு எடுத்துப் போடுகிறேன்.

கலியாணக் கமரா:
முழுசாகப் போடுங்கள். வெட்டாமல்.