பொருள்: ‘டியூட்டி பேரர்’ – கடமையாளரா, கடவரா, கடமைதாரரா?

புதுப்பாளையம், கடலூர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் வேண்டும். பல்கலைக்கழக மையம் ஒன்று மனித உரிமை, சமூக நீதி பற்றி நடத்தும் சான்றிதழ்ப் படிப்புக்கான கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆய்வு மாணவர்களோடு கிராம நிர்வாக அலுவலர், காவலர், ஊராட்சிச் செயலர், மகளிர் குழுத் தலைவி எல்லாரும் ஒரே வகுப்பில் உட்காரப் போகிறார்கள். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.

‘ரைட்ஸ் ஹோல்டர்’, ‘டியூட்டி பேரர்’ என்ற இரண்டு சொற்களும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. உரிமை யாருடையதோ அவர் முதலாமவர். அந்த உரிமையை மதிக்கவும் காக்கவும் நிறைவேற்றவும் யார் கட்டுப்பட்டவரோ அவர் இரண்டாமவர். பெரும்பாலும் அரசும் அதன் அலுவலர்களும். நம் திட்ட அறிக்கைகளில் மக்களைப் ‘பயனாளி’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். பயனாளி என்றால் கொடுத்தால் வாங்கிக்கொள்பவர். கொடுக்காவிட்டால் அவர் கேட்பதற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. அதை மாற்றத்தான் இந்தப் படிப்பு.

கையேட்டில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஓர் இருளர் தாய், மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காகப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு அலைகிறார். அதைத் தர வேண்டியவர் கோட்டாட்சியர். மனு மேசையிலேயே கிடக்கிறது, சேர்க்கைக்கான கடைசி நாள் நெருங்குகிறது. இதில் அந்தத் தாயை ஒரு சொல்லாலும் கோட்டாட்சியரை ஒரு சொல்லாலும் குறிக்க வேண்டும். ‘உரிமையாளர்’ என்று போட்டால் வீட்டு உரிமையாளர், லாரி உரிமையாளர்தான் நினைவுக்கு வருகிறார்கள். என்ன செய்யலாம்?

லாஸ்பேட்டை

அம்மா, முதல் சொல்லுக்கு ‘உரியவர்’ போதும். உரியவரிடம் ஒப்படை என்று ஊரே சொல்கிறது. இரண்டாம் சொல்தான் யோசிக்க வேண்டியது.

வேர் ‘கடன்’. புறநானூறு 312-இல் பொன்முடியார் யார் யாருக்கு என்ன கடன் என்று வரிசையாகச் சொல்கிறார். பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோன் ஆக்குவது தந்தைக்கு, வேல் வடிப்பது கொல்லனுக்கு. அப்புறம் ‘நன்னடை நல்கல் வேந்தற்குக் கடனே’. வேந்தனுக்கும் கடன் உண்டு என்று நம் மொழி அன்றே எழுதி வைத்திருக்கிறது. அப்பர் பாடியதில் ‘என்கடன் பணிசெய்து கிடப்பதே’ என்ற பாதியை மட்டும் எல்லாரும் சொல்கிறோம். அதற்கு முன்பாதி ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல்’. ஆண்டவனுக்கு உள்ள கடனை முதலில் சொல்லிவிட்டுத்தான் அடியாரின் கடனுக்கு வருகிறார். அந்தப் பாட்டு உங்கள் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கடம்பூரைப் பற்றியது. தாங்குபவர் யார் என்பது அதிலேயே இருக்கிறது.

கட என்ற அடியிலிருந்து கடவது, கடவன் எல்லாம் வரும். ‘செய்யக் கடவன்’ என்றால் செய்தே தீர வேண்டியவன். ஆகவே ‘கடவர்’ என்பதை முன்மொழிகிறேன். நான்கே எழுத்து. கடவுள் என்ற சொல்லும் இந்த அடியிலிருந்து வந்தது என்றே கருதுகிறேன். கடத்தல், கடவை, கடாவுதல் வழியாக அதை விரித்து எழுத ஆசை, நேரமிருந்தால் நாளை.

தேவனாம்பட்டினம்

ஐயா, பாட்டு அருமை. ஆனால் நான் வகுப்பெடுப்பது மீன் விற்றுவிட்டு வந்து உட்காரும் பெண்களுக்கு. கடன் என்று வாயைத் திறந்தாலே குழுக் கடனும் வாரத் தவணையும்தான் அவர்கள் காதில் விழும். தவணை வாங்க வருகிறவர் வாசலில் நிற்கும் தெருவில் அந்த வேரை எடுக்க வேண்டாம். ‘கடவர்’ கடவுளோடு சேர்ந்து ஒலிக்கிறது. அலுவலரைக் கும்பிட்டு நிற்காதீர்கள், நிமிர்ந்து கேளுங்கள் என்று சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் அது எப்படிச் சரிவரும்?

2004 சுனாமிக்குப் பிறகு ‘பயனாளிகள் பட்டியல்’ என்ற தாளுக்கு முன்னால் எத்தனை பேர் நின்று பெயர் தேடினார்கள்! படகு இருந்தவர்களுக்கு வழி பிறந்தது. கூலிக்குப் போனவர், கருவாடு விற்ற தனிப்பெண், தலித் குடும்பங்கள், இருளர் என்று பலர் விடுபட்டார்கள். யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ‘நான் இல்லை, மேலே’ என்று ஒருவர், ‘நான் இல்லை, கீழே’ என்று இன்னொருவர். நமக்கு வேண்டிய சொல் அந்த இடத்தில் உதவ வேண்டும்.

மனுதாரர் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். அதே போல ‘கடமைதாரர்’ என்று வையுங்கள். சொன்னதும் புரியும்.

லாஸ்பேட்டை

‘தாரர்’ பாரசீக ஈறு. ஜமீன்தாரில் இருப்பது அதுதான். நம்மிடம் -ஆளர், -நர், -ஓர் என்று எத்தனையோ இருக்க, மக்களை அடக்கி ஆண்ட அமைப்போடு வந்த ஈற்றை மனித உரிமைப் பாடத்துக்குள் கொண்டுவருவானேன்?

தேவனாம்பட்டினம்

மனுதாரர் என்று எழுதி கையெழுத்துப் போடும் பெண், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை ஐயா. அந்தத் தாள்தான் அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம்.

சிதம்பரம்

இருவருமே ‘கடமை’யை அப்படியே ஏற்றுக்கொள்கிறீர்கள். எனக்கு அதிலேயே தயக்கம். பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் கடமை என்றால் நிலவரி. குடி செலுத்தியது, அரசு வாங்கியது. அதாவது அந்தச் சொல் பல நூற்றாண்டு குடிமக்கள் தலையில் இருந்தது. 1429-இல் விருத்தாசலம் முதலிய ஊர்க் கல்வெட்டுகளில் வலங்கையாரும் இடங்கையாரும் வரிக் கொடுமைக்கு எதிராக ஒன்றுகூடிக் கட்டுப்பாடு செய்துகொண்டதைப் பார்க்கலாம். சாதிப் பிரிவுகளாக எதிரெதிரே நின்றவர்கள் அதிகாரிகளுக்கு எதிராக ஒன்றாக நின்ற இடம் அது. இந்தப் படிப்பில் ஆய்வு செய்கிற மாணவர் யாராவது அதை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று. லாஸ்பேட்டை ஐயா சொன்ன புறப்பாட்டில் ‘தண்ணடை நல்கல்’ என்றும் பாடம் உண்டு. அப்படியானால் வேந்தன் தருவது நன்னடத்தை ஆகாது, மருதநிலம். எந்தப் பாடத்தைக் கொள்கிறீர்கள்?

காலாப்பட்டு

சட்டம் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சிதம்பரத்தார் தயக்கம் இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. 1976-இல் அரசமைப்புச் சட்டத்தின் 42-வது திருத்தம் 51ஏ பிரிவைச் சேர்த்தது. அதன் தலைப்பு ‘அடிப்படைக் கடமைகள்’, எல்லாம் குடிமக்களுக்கு உரியவை. மாணவரிடம் கடமை என்றால் தேசியக் கொடியை மதிப்பது என்று உடனே சொல்வார். ஆனால் கடமையை அரசுப் பக்கம் திருப்பிய சட்டமும் நம்மிடம் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத பொது ஊழியர் அச்சட்டப்படி செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாவிட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. 2015 திருத்தம் அந்தக் கடமைகள் எவை என்று விரித்தும் சொன்னது: வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக் காட்டுவது, வழக்குப் பதிவது, நகல் தருவது. காவலர்கள் உட்காரும் வகுப்பில் இதைக் காட்டியே தீர வேண்டும். 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டுக் காவலிலேயே உயிரிழந்த ராசாக்கண்ணு நம் பக்கத்து மனிதர். காவலில் உள்ளவரின் உயிருக்கு யார் பொறுப்பு என்பது இந்த மாவட்டத்துக்குப் புதிய கேள்வி இல்லை.

ஆகவே ‘கடமை’ இருக்கட்டும். குடியின் தலையில் இருந்ததை அரசின் தலையில் வைப்பது நல்லதுதான். ‘கடமையாளர்’ என்பது என் வாக்கு.

வில்லியனூர்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், புதுச்சேரிக்கு வந்து கனகாலம். எங்கட பக்கம் ‘பொறுப்புக்கூறல்’ என்ற சொல் போருக்குப் பிறகு வீட்டுக்கு வீடு தெரியும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் இருக்கிற தாய்மாரும் அதையே சொல்லுகினம். ‘பொறுப்புக்கூறுநர்’ என்று வைத்தால் என்ன? தேவனாம்பட்டினம் அம்மா கேட்கிற பதில் சொல்லும் கடப்பாடு அதில் வருகிறது.

காலாப்பட்டு

சொல் பிடித்திருக்கிறது, ஐயா. ஒரு சிக்கல் மட்டும். 2011-இல் ஐ.நா. ஏற்ற வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டு நெறிகள் ஒரு கோடு போடுகின்றன. காப்பது அரசின் கடமை, மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அங்கே இரண்டும் வேறு. நாம் அரசையே ‘பொறுப்பு’ என்ற சொல்லால் குறித்தால், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பற்றிய பாடத்தில் அரசும் ஆலையும் ஒரே பெயருக்குள் போய்விடும். அப்புறம் ஆலை அரசைக் காட்டும், அரசு ஆலையைக் காட்டும்.

தேவனாம்பட்டினம்

சிப்காட் பக்கத்து ஊர்களில் இராத்திரி நாற்றம் வந்தால் யாருக்கு போன் செய்வது என்பதுதான் கேள்வி. அரசுக்குக் கடமை, ஆலைக்குப் பொறுப்பு என்று பிரித்துச் சொன்னால், ஆலையை லேசாக விட்டதாகத்தான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். ஊரில் பொறுப்பு என்பது கடமையைவிட இளைத்த சொல்.

முத்தியால்பேட்டை

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் ஒன்று. அவர்கள் இதே சொல்லைக் கடன்பட்டவர் என்ற பொருளில், ‘தெபித்தேர்’ என்றே எழுதுகிறார்கள். வங்கியில் கடன் வாங்கியவருக்கும் அதே சொல். ஆக லாஸ்பேட்டை ஐயா சொல்லும் வேர் உலகத்துக்குப் புதிதில்லை. அரசு மக்களிடம் கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கிறது. தவணை கேட்பது மக்களாகவும் கட்ட வேண்டியது அரசாகவும் மாறிவிடுகிறதே, அம்மா! குழுப் பெண்களுக்கு அதைவிடத் தெளிவாகப் புரியுமா?

இங்கே புதுச்சேரியில் நடந்த பொன்னுத்தம்பிப் பிள்ளை வழக்கும் கையேட்டில் வர வேண்டும். 1873-இல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காகத் தடுக்கப்பட்ட வழக்கறிஞர், பாரிஸ் வரை போய் வென்றார்.

‘கடன்பட்டார் நெஞ்சம் போல்’ என்று கம்பனே பாடியிருக்கிறானே.

சிதம்பரம்

கம்பராமாயணத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. இந்தக் குழுவில் அது ஏற்கெனவே பேசப்பட்டது.

புதுப்பாளையம், கடலூர்

அச்சகத்திலிருந்து அழைத்துவிட்டார்கள், ஆகவே முடிவைச் சொல்லிவிடுகிறேன். ‘உரியவர்’ பற்றி யாருக்கும் மறுப்பில்லை, நன்றி. இரண்டாவதற்குப் பெரும்பாலோர் ‘கடமையாளர்’ என்கிறீர்கள், சிலர் களைப்பில் என்பதும் புரிகிறது. அதையே வைக்கிறேன். முதல் அத்தியாயத்தில், சொல் முதலில் வரும் இடத்தில், ‘பதில் சொல்ல வேண்டியவர்’ என்று விளக்கமும் சேர்த்துவிட்டேன். 2011-ஆம் ஆண்டு ஐ.நா. மனித உரிமைக் கல்வி, பயிற்சி அறிவிப்பு அரசு அலுவலர்களுக்கும் இந்தப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. அவர்கள் கையில் போகும் கையேட்டில் அந்த வரி இருக்கட்டும். ஆலை பற்றிய பாடத்தில் ‘பொறுப்புடைய நிறுவனம்’ என்று எழுதியிருக்கிறேன். தேவனாம்பட்டினம் அம்மா சொன்ன குறை அதில் தீரவில்லை என்று எனக்குத் தெரிகிறது. இதைவிட நல்ல சொல் புதன் இரவுக்குள் வந்தால் மாற்றிவிடுவேன்.

தேவனாம்பட்டினம்

சரி அம்மா. அச்சில் எது வந்தாலும் வகுப்பில் நான் கடமைதாரர் என்றுதான் சொல்வேன். எனக்கு இருபது படி தனியாக எடுத்து வையுங்கள், கரையோரக் குழுக்களுக்குக் கொடுக்க வேண்டும்.

லாஸ்பேட்டை

‘கடமையாளர்’ எனக்கு ஒப்புதல் இல்லை, பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன். ஆளர் என்றால் ஆள்பவர். கடமையை ஆள்பவர் என்று பொருள் கொள்ள இடமிருக்கும் சொல்லை அலுவலருக்குத் தரக்கூடாது. அவர் கடமைக்கு உட்பட்டவர். கலைச்சொல் பட்டியலில் மாற்றுச் சொல்லாக ‘கடவர்’ வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிதம்பரத்தார் கேட்ட தண்ணடைப் பாடம் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.