கேட்டது கிடைக்காதபோது ஜெபத்தை எப்படி விளங்கிக்கொள்வது?

கேள்வி: குருநகரிலிருந்து ஒரு சகோதரி

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்கக் குடும்பத்திற்கு மணமாகி வந்தவள். சிறுநீரகங்கள் இரண்டும் பழுதடைந்திருந்த என் தம்பி கடந்த ஆண்டு இறந்துபோனான். அவன் டயலிசிஸ் செய்துகொண்டிருந்த காலம் முழுவதும் அம்மா உபவாசம் இருந்து ஜெபித்தார். மாமியார், செபத்துக்கு அழைக்கும் திருந்தாதி மணி கோவிலில் அடித்ததும் மாதா சுருவத்தின் (சிலையின்) முன் முழந்தாளிட்டு அவனுக்காகச் செபமாலை சொன்னார். அடக்கம் முடிந்த சில நாட்களில் துக்கம் விசாரிக்க வந்த ஒரு ஜெபக்குழுவினர், விசுவாசத்தோடு கேட்டிருந்தால் கர்த்தர் கட்டாயம் சுகம் கொடுத்திருப்பார் என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அம்மா வேதாகமத்தைத் திறப்பதில்லை.

நமக்கு என்ன தேவை என்பதைக் கடவுள் முன்னரே அறிவார் என்றால், நாம் எதற்காகக் கேட்க வேண்டும்? கேட்டது கிடைக்காவிட்டால் குறை எங்கள் விசுவாசத்திலா? சொந்த வார்த்தைகளில் ஜெபித்துப் பழகிய எனக்கு இப்போது வார்த்தையே வருவதில்லை. மனப்பாடமான செபங்களைச் சொன்னால் உதடு மட்டும் அசைவதுபோல இருக்கிறது. தம்பியின் பத்து வயது மகனோ இரவு ஜெபத்துக்கு வரமாட்டேன் என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர், உடுவில்

பிள்ளை, முதலில் அம்மாவிடம் போய், அந்த ஜெபக்குழுவினர் சொன்னது வேதத்தின் போதனை அல்ல என்று உறுதியாகச் சொல்லுங்கள். சிலுவைக்கு முந்திய இரவு கெத்செமனேயில் இயேசு, வரவிருந்த பாடுகளாகிய பாத்திரத்தைத் தம்மிடமிருந்து எடுத்துப்போடும்படி பிதாவிடம் கேட்டார். ஒருமுறை அல்ல, அதே வார்த்தைகளை மூன்றாம் முறையும் சொல்லிக் கேட்டார் என்று மத்தேயு எழுதுகிறார். பாத்திரம் எடுக்கப்படவில்லை. பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் என்று அவர் அழைத்த வேதனை நீங்க வேண்டும் என்று மூன்று தரம் வேண்டினார். "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது, முள் இருந்தபடியே இருந்தது. இவர்களுக்கு விசுவாசம் போதாதிருந்தது என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். நமது மண்ணிலேயே, 1995 ஆம் ஆண்டு யூலை 9 ஆம் திகதி, யாழ்ப்பாணத்து நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆண்டவரின் வீட்டையே அடைக்கலமாக நம்பி வந்தவர்கள் அவர்கள். விசுவாசத்தை அளந்து பார்த்துக் கடவுள் உயிரைக் கொடுக்கிறார் என்று போதிப்பவர்கள், நவாலியில் பெற்றோரையும் பிள்ளைகளையும் இழந்தவர்களின் முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

அவர் அறிந்திருக்கும்போது ஏன் கேட்க வேண்டும் என்ற கேள்வி பழையது. மத்தேயு 6 ஆம் அதிகாரத்தில், நாம் வேண்டுமுன்னரே நமது தேவையைப் பிதா அறிந்திருக்கிறார் என்று சொன்ன இயேசு, ஆகவே கேட்க வேண்டாம் என்று முடிக்காமல், அடுத்த மூச்சிலேயே "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கேட்கக் கற்றுக்கொடுக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற விதவைக்கு எழுதிய கடிதத்தில் புனித அகுஸ்தீனார் இதை எடுத்துப் பேசுகிறார்: நாம் விரும்புவதைக் கடவுளுக்குத் தெரியப்படுத்துவதற்காக அல்ல, அவர் தர ஆயத்தமாயிருப்பதைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு நமது ஏக்கம் வளர்வதற்காகவே நாம் கேட்கிறோம் என்பது அவர் கருத்து. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கேட்கிறவர் பிள்ளையாகவும் கேட்கப்படுகிறவர் தகப்பனாகவும் இருக்கிறார்கள் என்பதுதான். அந்த உறவுக்குள்ளே சண்டை பிடிக்கவும் இடம் உண்டு. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13 ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88 ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை ஜெபமாகவே காத்து வந்திருக்கிறது. அம்மா கோபத்தோடு ஜெபிக்கட்டும். நாமோ நன்றியும் துதியும் மட்டுமே ஜெபம் என்பதுபோலப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம். அதனால்தான் துக்கம் வரும்போது அவர்களுக்கு வாய் அடைத்துப்போகிறது.

மறுமொழி: பாசையூரிலிருந்து

அக்கா, மனப்பாடமான செபங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடற்றொழில் செய்த என் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்று கேட்கவும் சொல் வராமல் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார். ஒரு மாலை நாங்கள் கட்டிலைச் சுற்றியிருந்து செபமாலை தொடங்கியபோது, "அருள் நிறைந்த மரியே" என்று அவரது குரலும் கூடவே வந்தது. பாதியில் குழறாமல் செபத்தை முடிக்கும்வரை சொன்னார். சிறு வயதிலிருந்து சொல்லிப் பழகிய வார்த்தைகள் மற்றப் பேச்சு போன பின்னும் சிலருக்கு எஞ்சியிருக்கும் என்று வைத்தியர் விளக்கினார். அந்த விளக்கம் சரிதான். ஆனால் அப்பா இறக்கும்வரை ஆண்டவரோடு பேச முடிந்தது அந்தச் செபங்களால்தான் என்பதும் உண்மை. உங்களுக்கு வார்த்தை வராத நாட்களில் மாமியின் பக்கத்தில் போய் இருங்கள். அவர் சொல்லட்டும், முடிந்த இடத்தில் நீங்களும் சேருங்கள். எதுவுமே வராவிட்டாலும், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுகிறார் என்று உரோமருக்கு எழுதிய நிருபத்தில் இருக்கிறதே.

மறுமொழி: சுன்னாகத்திலிருந்து ஒரு சகோதரன்

சகோதரி, உங்கள் வீட்டில் அப்படிப் பேசியது தவறு. ஆனால் ஆசிரியர் ஐயா எழுதியதை வாசித்துவிட்டு, இனி நோயாளிக்காகச் சுகம் கேட்டு ஜெபிப்பதே வேண்டாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்று சொன்னவரும் அதே ஆண்டவர்தான். விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று யாக்கோபு எழுதுகிறார். எங்கள் சபையில் சுகம் பெற்றுச் சாட்சி சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர், உடுவில்

தம்பி, சுகம் கேட்டுத் தைரியமாக ஜெபியுங்கள்; நானும் அப்படித்தான் ஜெபிக்கிறேன். ஆனால் யாக்கோபு 5 ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்றுதான் அங்கே இருக்கிறது. ஜெபிக்கும் பொறுப்பைச் சபை தன் தோளில் ஏற்கிறது; படுத்திருப்பவனையோ அவனைப் பெற்றவளையோ விசாரணைக்கு நிறுத்தும்படி யாக்கோபு எங்கும் சொல்லவில்லை. பிள்ளைகளையும் சுகத்தையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகவே இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பின்னர்தான் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள். துக்க வீட்டுக்குப் போகும் எந்த ஜெபக்குழுவும் அந்த ஏழு நாளை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

பிள்ளை, உங்கள் தம்பியின் மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவனை இரவு ஜெபத்துக்கு வற்புறுத்த வேண்டாம். பெரியவர்கள் வழக்கம்போல அவன் காதில் விழும் இடத்தில் இருந்து ஜெபியுங்கள். அப்பாவின் பெயரை மறைக்காமல் சொல்லி, அவர் இல்லாதது எங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதை அவன் கேட்கவே ஆண்டவரிடம் முறையிடுங்கள். அப்பாவை ஏன் சுகப்படுத்தவில்லை என்று அவன் கேட்டால், எங்களுக்கும் தெரியாது, நாங்களும் அதைத்தான் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். விரும்பினால் அவனும் அதையே கேட்கலாம்.