முன்னாள் படைவீரர்களுக்காக வேலூர் மாநகராட்சி ஏன் செலவழிக்க வேண்டும்?

கோட்டைவாசல்:
முன்னாள் படைவீரர்களுக்கென மாநகராட்சி ஓர் உதவி மையம் திறக்க வேண்டும் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். ஓய்வூதியம், சலுகை விலைக் கேன்டீன், இலவச மருத்துவம் என எல்லாவற்றையும் மத்திய அரசு தருகிறது. போதாதென்று ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு மாநில அரசு 30 விழுக்காடு மானியமும் தருகிறது. குடிநீருக்குக் குடத்தோடு நிற்கும் எங்கள் தெருவின் வரிப்பணத்தில் இன்னொரு மையம் எதற்கு?

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
‘இலவச மருத்துவம்’ என்ற சொல்லை முதலில் திரும்பப் பெறுங்கள். 2003இல் தொடங்கிய இசிஹெச்எஸ், அதாவது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், ஒரு பங்களிப்புத் திட்டம். சிப்பாய் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாய், அதற்கு மேலுள்ள இளநிலை அதிகாரிகளான ஜேசிஓக்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000 என்று வசூலிக்கிறார்கள். நானும் 30,000 கட்டியவன்தான்.

கோட்டைவாசல்:
ஒரே ஒரு முறை 30,000 கட்டிவிட்டு ஆயுள் முழுவதும் மனைவியோடு சிகிச்சை பெறுவதற்கு எங்கள் ஊரில் இலவசம் என்றுதான் பெயர். 1996க்கு முன் ஓய்வுபெற்றவர்கள் அதையும் கட்டத் தேவையில்லையே, ஐயா?

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
அவர்கள் வாங்கிய சம்பளம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள், தம்பி. இத்திட்டத்தில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படியையும் விட்டுக்கொடுக்க வேண்டும். இலவசம் என்று இனியொரு முறை எழுதாதீர்கள்.

பாலாற்றங்கரை:
என் தந்தையின் கதையைச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, இசிஹெச்எஸ் அட்டை எல்லாம் ஒரு மஞ்சள் துணிப்பையில் இருக்கும். ஆண்டுதோறும் ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய இணையதளத்தில் வாழ்நாள் சான்று பதிய வேண்டும். அவருடைய தேய்ந்த விரல் ரேகையோ கருவியில் விழுவதில்லை. இசிஹெச்எஸ் சிகிச்சை தரும் பாலிகிளினிக் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாநில அரசின் கீழ், ஓய்வூதியக் கணக்கு பிரயாக்ராஜில் என்று இருக்கும்போது, எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்று சொல்ல ஒரு மேசையும் ஓர் ஆளும் போதும். அதைத்தானே மாநகராட்சியிடம் கேட்கிறோம்? முப்பதாயிரத்தை விட்டு வெளியே வாருங்கள்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
வர முடியாது, அம்மா. அது இலவசம் என்று இவர் ஊரெல்லாம் சொன்ன பிறகு எந்தக் கவுன்சிலர் அந்த மேசையைப் போடுவார்?

மாலுமி:
ஹவில்தார் ஐயா ராணுவத்தை மட்டுமே பேசுகிறார். கடற்படையிலிருந்து வந்த எங்களை இந்த ஊர் எப்போதாவது எண்ணியிருக்கிறதா?

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
ராணுவப்பேட்டை என்று பெயரெடுத்த கம்மவான்பேட்டை இருக்கும் மாவட்டத்தில் ராணுவத்தைப் பேசாமல் கப்பலையா பேசுவார்கள்?

கோட்டைவாசல்:
கேன்டீன் மதுப்புட்டிகள் யார் யார் கைக்குப் போகின்றன என்பதையும் அப்படியே பேசலாமே.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
கொடிநாளில் உண்டியலைக் கண்டால் தெருவைக் கடந்துவிடுபவர்கள் எங்கள் புட்டியை எண்ண வேண்டாம். நான் கட்டிய 30,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறது. மாலைக்குள் படமெடுத்துப் போடுகிறேன்.

கோட்டைவாசல்:
போடுங்கள். மீதி ஆயுளுக்கான ரசீதையும் சேர்த்துப் போடுங்கள்.